கரிசலுக்கு எத்தனை கறுப்பு?

கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நம் வீட்டுச் சுவர்களில் தொங்கிய காலண்டர் சாமிப் படங்களில் பலவும் இந்த ஊரில் உருவானவை என்பது அவ்வளவாகத் தெரியாது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டிருந்த சி. கொண்டையராஜு (1898–1976) இங்கேயே தங்கிவிட்டார். பல படங்களில் அவர் பெயரோடு சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும். குருவின் கை எங்கே முடிந்தது, சீடரின் கை எங்கே தொடங்கியது என்று பிரிப்பது கடினம்.

இப்படி இன்னொருவர் கையோடு கை பழக ஒரு வழி, அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைவது. அதைச் சிலர் மட்டமாகப் பேசுகிறார்கள். அது தவறு. ஓவியர் வான்கோ 1889-90இல் பிரான்சின் சேன்-ரெமி மருத்துவமனையில் இருந்தபோது, மில்லே என்ற ஓவியர் வரைந்த உழவர் காட்சிகளை வரிசையாகத் தன் கையால் மறுபடி தீட்டினார். அவரிடம் இருந்தவை கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள். வண்ணம் முழுக்க அவரே கண்டுபிடித்தது.

அவர் 1890 ஜூலையில் தீட்டிய ‘கோதுமை வயலில் காகங்கள்’ பழகுவதற்கு நல்ல படம். அடர்நீல வானம், மஞ்சள் கதிர்கள், ஓரம் பச்சையான செம்மண் நிறப் பாதைகள். வான்கோ பல இடங்களில் ஈர வண்ணத்தின் மேலேயே ஈரமாகத் தீற்றினார். புதிதாக அக்ரிலிக்கில் பழகுபவர் ஒவ்வொரு பூச்சையும் காயவிடுவது நல்லது, இல்லாவிட்டால் மஞ்சளும் நீலமும் கலந்து கலங்கிவிடும். முதலில் தண்ணீராய் ஓர் அடிப்பூச்சு, பிறகு நடுத்தர நிறம், கடைசியில் தடித்த வெளிர் தீற்றல். தூரிகை கதிர் சாய்ந்த திசையிலேயே போக வேண்டும்.

கை பழகியபின் கோவில்பட்டியின் கரிசல் மண் காட்டுக்கு வரலாம். அங்கேதான் உண்மையான சோதனை. டியூப்பில் உள்ள கறுப்பைப் பிதுக்கிப் பூசினால் தார் ரோடுதான் வரும். அல்ட்ராமரின் நீலத்தோடு சுட்ட அம்பர் பழுப்பைக் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும். நீலம் கூடினால் ஐப்பசி மழையில் நனைந்த காடு. பழுப்பும் வெள்ளையும் கூடினால் சித்திரையில் காய்ந்து சாம்பல் பூத்த காடு.

கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணைக் காட்டவும் வழி இருக்கிறது. அடியில் அடர் கறுப்பைப் பூசி நன்றாகக் காயவிட வேண்டும். அதன் மேல் மாடலிங் பேஸ்ட் (தடிப்பூட்டும் பசை) கலந்த சாம்பல் நிறத்தைப் பட்டைக் கத்தியால் அப்பி, ஈரம் போவதற்குள் தூரிகையின் பின்முனையால் கீறினால் அடிக் கறுப்பு வெடிப்பாகத் தெரியும். அக்ரிலிக் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால், உள்ளங்கை அகலத்துக்கு அப்பி, அதைக் கீறி முடித்த பிறகே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்.