குறி பிசகினால் விதி பிசகும்: கோப்புப் பெயர் ஆவணங்களில் வடிவத் திருத்தம்

கணினியில் ஒரு கோப்புக்கு எந்தப் பெயரை இடலாம், எதை இடக்கூடாது என்பதை இயங்குதளம் வரையறுக்கிறது. அந்த வரையறையைப் பயனருக்கும் நிரலருக்கும் எடுத்துரைப்பவை தொழில்நுட்ப ஆவணங்கள். சொல்லப்படும் செய்தியைத் தொடாமல், அது பக்கத்தில் தோன்றும் விதத்தை மட்டும் சீராக்குவதே வடிவத் திருத்தம் எனப்படுகிறது. பிற ஆவணங்களில் இது பெரும்பாலும் படிப்பவரின் வசதிக்காகச் செய்யப்படுவது; கோப்புப் பெயர் விதிகளிலோ ஒரு குறி மறைந்தாலே விதி தவறாகிவிடுவதால், இங்கு வடிவத்தையும் பொருளையும் பிரிக்க இயலாது.

விண்டோஸ் இயங்குதளம் இதற்குத் தக்க சான்று. எம்எஸ்-டாஸ் காலத்தில் பெயருக்கு 8 எழுத்துகளும், கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டுக்கு 3 எழுத்துகளும் மட்டுமே இருந்தன. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடமளித்தது. ஆயினும் < > : " / \ | ? * ஆகிய ஒன்பது குறிகள் பெயரில் இடம்பெறத் தடை நீடிக்கிறது. சாய்வுக்கோடுகள் இரண்டும் கோப்புறைகளைப் பிரிக்கின்றன. முக்காற்புள்ளி வட்டியக்கியின் எழுத்தைத் தொடர்கிறது. நட்சத்திரக் குறியும் கேள்விக்குறியும் தேடலின்போது வேறு எந்த எழுத்துக்கும் பதிலாக நிற்கின்றன. இவ்வாறு இக்குறிகளுக்கு வேறு பணிகள் இருப்பதே தடைக்குக் காரணம்.

சிக்கல் என்னவெனில், இதே குறிகளில் பலவற்றுக்கு ஆவணம் எழுதப்படும் மொழியிலும் தனிப்பணி உண்டு. ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன், எளிய குறிகளால் தலைப்பு, அழுத்தம், பட்டியல் முதலியவற்றைச் சுட்டும் எழுத்துமுறை. அதில் நட்சத்திரக் குறிகள் இடையிலுள்ள சொல்லைச் சாய்வெழுத்தாக்கிவிட்டுத் தாம் மறைகின்றன. கோணக் குறிகளுக்குள் எழுதப்பட்ட சொல் வலைப்பக்கக் கட்டளையாகக் கொள்ளப்பட்டுத் திரைக்கு வராமல் போகக்கூடும். அடுத்தடுத்த இரு பின்சாய்வுக்கோடுகள் ஒன்றாகக் குறைகின்றன. வலையமைப்பிலுள்ள மற்றொரு கணினியின் கோப்புப் பாதை \\ என்றே தொடங்க வேண்டியிருக்க, பக்கத்தில் ஒற்றைக் கோடு மட்டும் தெரிந்தால், அது நடப்பு வட்டியக்கியின் முதல் அடுக்கைச் சுட்டும் முற்றிலும் வேறான பாதையாகிவிடுகிறது.

எழுத்தழகு கருதிச் செய்யப்படும் மாற்றங்களும் இவ்வாறே பிறழக்கூடும். நேர் மேற்கோள் குறி தடைசெய்யப்பட்டது; வளைந்த மேற்கோள் குறி தடைசெய்யப்படாதது; எனவே முன்னதைப் பின்னதாகத் தானே மாற்றும் மென்பொருள், விதியின் இலக்கையே மாற்றுகிறது. தொடர்முனையங்களுக்கென ஒதுக்கப்பட்ட ‘காம்1’ முதலிய பெயர்களுடன், எண்ணை மேலெழுத்தாகக் கொண்ட ‘காம்¹’, ‘காம்²’, ‘காம்³’ என்பவற்றையும் விண்டோஸ் ஒதுக்கி வைத்துள்ளது. மேலெழுத்தை அடிக்குறிப்பு எண் என்று கருதி ஒருவர் நீக்கினாலோ, அதைச் சாதாரண எண்ணாக இறக்கினாலோ, தனித்ததொரு விதி, தேவையின்றித் திரும்பச் சொல்லப்பட்டதுபோல் தோன்றிவிடும்.

இவற்றுக்கான பொதுத் தீர்வு, குறிகளையும் பாதைகளையும் நிரல் வடிவத்தில், அதாவது உள்ளிருப்பதை மாற்றாமல் சம அகல எழுத்தில் காட்டும் பகுதிக்குள், அமைப்பதாகும். வாக்கியத்தின் இறுதியில் வரும் புள்ளி கோப்புப் பெயரைச் சேர்ந்ததா, வாக்கியத்தைச் சேர்ந்ததா என்ற ஐயத்தையும் இது நீக்குகிறது. ஆனால் கிட்ஹப் தளத்தின் மார்க்டவுன் அட்டவணைகளில் நிலைக்கோடு (|) நிரல் வடிவத்துக்குள் இருந்தாலும் கட்டத்தைப் பிரித்துவிடும் என்பதால், அங்கு அதன் முன்னே ஒரு பின்சாய்வுக்கோடு இடுவதும் தேவைப்படுகிறது. ஆகவே திருத்துபவர் மூல உரையைப் பார்த்து நிறைவடைதல் போதாது. வாசகர் காணும் பக்கத்தைத் திறந்து, தடைக்குறிகள் ஒன்பதும் உள்ளனவா என எண்ணிப் பார்த்து, பாதைகளை அங்கிருந்தே நகலெடுத்து இயக்கிச் சோதித்த பின்னரே திருத்தம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.