ட்ரோனுக்குப் புது எலும்புக்கூடு!

பந்தய ட்ரோன் மரத்தில் மோதினால் பிரேம் உடையலாம். அதுதான் அதன் எலும்புக்கூடு. மோட்டாரும் போர்டும் நல்லா இருந்தால் அவற்றைக் கழற்றிப் புது பிரேமில் மாட்டலாம். ஆனா 3 விஷயம் கவனிக்கணும்.

1. பிரேம் கார்பன் நாரால் ஆனது. எடை குறைவு, பலம் அதிகம். ஆனா பிளாஸ்டிக் மாதிரி இல்லை, அதில் கரண்ட் பாயும்! போர்டின் சால்டர் புள்ளிகள் அதில் பட்டால் ஷார்ட் ஆகிக் கருகிவிடும். அதனால் போர்டைச் சற்று உயர்த்தி மாட்டணும்.

2. புது பிரேமின் கை மெலிசா இருந்தால், பழைய ஸ்குரூ நீண்டு உள்ளே போய் மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருளைக் கிழிக்கும். அளவான ஸ்குரூ போடணும்.

3. எதிரெதிர் மூலையில் உள்ள 2 மோட்டார்கள் ஒரே திசையில் சுற்றும். பக்கத்தில் உள்ளவை எதிர்த்திசையில் சுற்றும். ஏன் தெரியுமா? நான்கும் ஒரே திசையில் சுற்றினால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ட்ரோனே பம்பரமாட்டம் எதிர்ப்பக்கம் சுத்தும்!

மோட்டார் சுற்றும் திசையைச் சோதிக்கும்போது இறக்கையை மாட்டவே கூடாது. அது கடைசி வேலை. மோட்டார் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுற்றும். உடைஞ்ச பிரேமுக்குப் பதில் வேற பிரேம் கடையில் கிடைக்கும். விரல் கிடைக்குமா?