பிளக்கைச் சொருகும் முன்

சில ஆண்டுகளுக்கு முன் ராஜபாளையத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை 3,000 ரூபாய்க்கு வாங்கினேன். கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் பாடி ஓய்ந்த மைக் செட் பெட்டி. மூடியைக் கழற்றினால் உள்ளே விரல் கனத்துக்குப் பஞ்சுத் தூசி. மில் ஊரில் கிடந்த பெட்டிகள் பலவும் இப்படித்தான் இருக்கும். தூசிக்கு நடுவே வால்வுகள் ஒன்றுகூட உடையாமல் நின்றன. பார்த்த சந்தோஷத்தில் பிளக்கைச் சொருகிவிட்டேன். வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சளாய் ஒளிர்ந்தன. இரண்டு நிமிடம் கழித்துத் தார் உருகுகிற வாடை வந்தது. சுவிட்சை அணைப்பதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிட்டது.

கடைக்குப் போய்க் கேட்டேன். “கொடுக்கும்போது நல்லாத்தானேண்ணே இருந்துச்சு, நீங்கதான் எரிச்சுட்டீங்க” என்றார். “ஓடுற செட்டு” என்று சொல்லித்தான் விற்றார். ஆனால் அதைச் சொல்ல என்னிடம் பில் இல்லை, எழுத்து இல்லை, பெட்டி இருந்த நிலைக்கு ஒரு படம்கூட இல்லை. அன்றைக்கு டிரான்ஸ்ஃபார்மரோடு வழக்குக்கான சான்றும் சேர்ந்தே எரிந்தது. இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதனால்தான்: வாங்கி வந்த அன்று பிளக்கைச் சொருகாதீர்கள்.

1940-ல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பெட்டிகளும், உள்ளூரில் அசெம்பிள் செய்தவையும், பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் ரேடியோக்களும் நம் பக்கத்து வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த வால்வுகள் பலவற்றில் இருக்கும். வால்வு நீண்ட காலம் தாங்கும். கெட்டுப்போவது கண்டன்சர். மெழுகுக் காகிதக் கண்டன்சர் பல ஆண்டு ஈரத்தில் கசியத் தொடங்கும். அந்தக் கசிவு, ஒலி வெளியேறும் வால்வின் கிரிட்டில் நேர் மின்னழுத்தத்தை ஏற்றிவிடும். வால்வு அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், உள்ளே இருக்கும் தகடு சிவக்கும், கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். எனக்கு நடந்ததும் இதுதான். மாற்ற வேண்டிய கண்டன்சரின் விலை சில பத்து ரூபாய்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். உயிர் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சுவரில் வருவது 230 வோல்ட். இஎல்34 வால்வு ஜோடி உள்ள ஆம்ப்ளிஃபயருக்குள் அது 400, 450 வோல்ட் நேர்மின்சாரமாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது தங்கியிருக்கும். மின்சாரத்தை வடிக்கும் ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தால் நெடுநேரம் தங்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தட்டி வடிப்பது நம் ஊரில் பழக்கம். அதைச் செய்யாதீர்கள், பொறி பறந்து கண்ணில் தெறிக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்றாக உறையிட்ட கிளிப் ஒயர் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு முனையைச் சேசிஸிலும் மறுமுனையைக் கண்டன்சரின் நேர் முனையிலும் மாட்டிப் பத்து விநாடி விடுங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பாருங்கள், இன்னும் ஒரு நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வடித்த கண்டன்சரில் அழுத்தம் மெல்லத் திரும்ப ஏறும்.

“வீட்டில்தான் ஆர்சிசிபி போட்டிருக்கிறேனே” என்று பலர் சொல்கிறார்கள். மின்கசிவைக் கண்டு கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும்தான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் இருக்கிற 450 வோல்ட் உங்கள் உடல் வழியே பாய்ந்தால் அது ஆர்சிசிபிக்குத் தெரியாது, ட்ரிப் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ரேடியோக்களும் உண்டு. யுசிஎச், யுஎல், யுஒய் என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் இருந்தால் பெரும்பாலும் அந்த வகை. அவற்றில் சேசிஸே நேராகக் கரண்டில் நிற்கும். அதற்கு எர்த் கொடுக்கக் கூடாது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் திறக்கவே கூடாது. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் அந்த வேலையைச் செய்யாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு இரட்டை பின் ஒயரை வெட்டி எறிந்துவிட்டு, மூன்று பின் பிளக், எர்த், ஃபியூஸ் மூன்றையும் போட்டுவிடுங்கள். லைனிலிருந்து சேசிஸுக்குப் போகும் பழைய கண்டன்சரைக் கழற்றிவிடுங்கள். அவசியம் என்றால் அந்த இடத்தில் ஒய்2 என்ற பாதுகாப்பு வகைக் கண்டன்சரை மட்டும் போடலாம்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது லைனில் தொடராக ஒரு பல்ப் (சீரிஸ் பல்ப்) போடுங்கள். பழைய 60 வாட் குண்டு பல்ப் போதும், எல்இடி உதவாது. பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் மேலே போகலாம். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் பொறி அடித்துவிடும். குழாய் ஸ்பீக்கருக்கான 100 வோல்ட் லைன் முனையும் ஷாக் அடிக்கும். எண்ணெய் நிரப்பிய தகரக் கண்டன்சர்களில் பிசிபி என்ற நச்சு இருக்கக்கூடும். அறுத்துப் பார்க்காதீர்கள், எரிக்காதீர்கள், கசிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். தனியாக உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டி வையுங்கள். ஷாக் அடித்தவரைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்து, பிறகு 108-ஐ அழைக்க வேண்டும். எழுந்து நடந்தாலும் இசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது.

வாங்குகிற இடத்தில் வேறு வகைக் கண்ணிகள். வால்வின் உச்சியிலோ பக்கத்திலோ கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு மின்ன வேண்டும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது. பெயர் அச்சை மட்டும் நம்பாதீர்கள். சாதா வால்வில் மல்லார்டு என்ற பிரிட்டிஷ் கம்பெனிப் பெயரை அச்சிட்டு விற்கிறார்கள். பிளாக்பர்ன் ஆலையில் செய்த உண்மையான மல்லார்டில் கண்ணாடியின் அடிப்பகுதியில் ‘பி’ எழுத்தில் தொடங்கும் ஆலைக் குறி பொறித்திருக்கும்.

இன்னொன்று பெரிய மோசடி. பழைய வால்வு ரேடியோவிலும் டிவியிலும் “சிவப்புப் பாதரசம்” இருக்கிறது, கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறது என்று தமிழ்நாட்டில் பரவிய பேச்சு இன்னும் ஓயவில்லை. 2009-ல் சவூதி அரேபியாவில் இதே புரளி தையல் மிஷினை வைத்துக் கிளம்பியது. வால்வுக்குள் இருப்பது டங்ஸ்டன், நிக்கல், கொஞ்சம் பேரியம். நீல ஒளி விடும் சில பெரிய ரெக்டிஃபயர்களில் மட்டும் சாதாரணப் பாதரசம் இருக்கும். உடைந்தால் அது நஞ்சு, விற்றால் காசாகாது. சோதனைக் கட்டணம், முன்பணம் என்று யாராவது கேட்டுக் கொடுத்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணில் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. போலீஸ் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் ஏமாற்றுப் புகார் கொடுக்கலாம். ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று மிரட்டினாலும் பயப்பட வேண்டாம். தபால் ஆபீசில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் 1980-களோடு முடிந்துவிட்டது.

இனி உங்கள் உரிமை. கடைக்காரரிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்கியது பழைய பொருளே ஆனாலும் நீங்கள் நுகர்வோர்தான். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுக்கிறவர், சர்வீஸ் கடைக்காரர் எல்லோருக்கும் இது பொருந்தும். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகப் பதில் தரவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் வேண்டும்.

தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது, ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் அரை மணிப் பயணம். விற்ற கடை சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்; இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கியது என்றால் ஆணையம் எடுக்காது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்துப்போகவில்லை என்று சிவில் கோர்ட்டில்தான் கேட்க முடியும். அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துச் சமரசம் பேசலாம். அதன் உதவி எண் 15100.

எந்த வழியில் போனாலும் கேட்கப்போவது சான்று. வாங்கும்போதே “ஓடுகிறது” என்று பில்லிலோ வாட்ஸ்ஆப்பிலோ எழுதி வாங்குங்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். வீட்டில் மூடியைத் திறக்கும் முன்னும் திறந்த பிறகும் நாலு படம் எடுத்து வையுங்கள். பார்சலில் வந்தால் பிரிப்பதை முழுசாகப் பதிவு செய்யுங்கள்.

செட் பாடத் தொடங்கிவிட்டால் இன்னொரு சட்டம் வரும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரையறை பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வீட்டில் குழாய் ஸ்பீக்கர் மாட்டிப் பார்க்க ஆசை வந்தால் பகலில் பாருங்கள்.

என்னுடைய அந்தப் பெட்டிக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் போட்டேன். இப்போது பாடுகிறது. நாளைக்கு யாருக்காவது கொடுத்தால் விற்றவன் பொறுப்பு என் தலையில் வரும் என்பதால் மூடியின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: வேலை பார்த்த தேதி, மாற்றிய கண்டன்சர்களின் அளவு, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர், உள்ளே 430 வோல்ட், எர்த் உண்டு, திறந்ததும் மீட்டர் வைக்கவும்.