ஜோடி சேர்ந்தால்தான் வேலை செய்யும் கார்டு: வைக்கலாமா, வேண்டாமா?



போன வாரம் இடைவேளையில் ஒருத்தன் கேட்டான்: "மக்கா, உனக்க பாலிமரைசேஷன் மூணையும் தா. நான் லா ஜின் ரெண்டு தாரேன்." பெருநாள் காசில் வாங்கிய யூ-கி-ஓ கார்டு அல்லவா! கொடுக்க மனசு வரவில்லை. ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு: கட்டில் குறைந்தது 40 கார்டு. ஒரே கார்டு 3 வரை வைக்கலாம். தொடக்கத்தில் கையில் 5 கார்டு. எதிராளியின் 8000 புள்ளியை சைபர் ஆக்கினால் ஜெயம். பாலிமரைசேஷன் தனியாக ஒன்றும் செய்யாது. குறிப்பிட்ட அரக்கர்களும் கூட இருந்தால், அவர்களை ஒன்றாக்கிப் பெரிய அரக்கனைக் கொண்டுவரும்.

இப்படிப்பட்ட கார்டைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்.

1. செலவு எவ்வளவு, வரவு எவ்வளவு?
ஃப்ளேம் ஸ்வோர்ட்ஸ்மேன் வர ஃப்ளேம் மனிப்புலேட்டர், மசாகி, பாலிமரைசேஷன் என 3 கார்டு வேண்டும். தாக்குதல் 1800. லா ஜின் ஒரே கார்டுதான். அதுக்கும் 1800!

2. எத்தனை தடவை கைக்கு வரும்?
மூன்றிலும் மூன்று மூன்று வைத்தாலும், முதல் 5 கார்டில் மூன்று வகையும் சேர்ந்து வருவது சுமார் 43 ஆட்டத்தில் ஒரு தடவை. 10 கார்டு பார்த்த பிறகும் 100 ஆட்டத்தில் 18 தடவைதான்.

3. ஜோடி வராவிட்டால்?
முதல் கையில் பாலிமரைசேஷன் ஒன்றாவது வருவது மூன்று ஆட்டத்துக்கு ஒரு தடவை. பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்த இரண்டு அரக்கரும் தனியாக நின்றால் 1200ஐக் கூடத் தொடமாட்டார்கள்.

அப்போ இது குப்பைக் கார்டா? இல்லை! ப்ளூ-ஐஸ் ஒயிட் டிராகனுக்குத் தாக்குதல் 3000. ஆனால் அதை இறக்க இரண்டு அரக்கரைப் பலி கொடுக்கணும். மூன்று டிராகனும் கையில் அடைந்து கிடந்தால், பாலிமரைசேஷன் ஒரே அடியில் 4500 உள்ள அல்டிமேட் டிராகனாக்கிவிடும். மூன்றும் ஏற்கெனவே களத்தில் நின்றால் ஒன்றாக்கவே கூடாது. தனித்தனியாக அடித்தால் 9000, ஆட்டமே முடிந்துவிடும்!

சரி, முதல் 5 கார்டிலேயே மூன்று டிராகனும் பாலிமரைசேஷனும் வருமா? வரும், சுமார் 6267 ஆட்டத்துக்கு ஒரு தடவை. தினம் ஒரு ஆட்டம் ஆடினால் 17 வருஷம்!

நம்ம ஊர் வள்ளத்தில் இடம் கொஞ்சம். அடிக்கடி படும் மீனுக்கான வலையைத்தான் முதலில் ஏற்றுவார்கள். கட்டும் அப்படித்தான்.

நான் கார்டை மாற்றிக்கொண்டேன். நேற்று ஆட்டம் நீண்டு, மூன்று டிராகனும் கைக்கு வந்தன. பாலிமரைசேஷன் இல்லை. தோற்றேன்! எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்த ஒரு தோல்வியால் கணக்கு தப்பாகிவிடாது. மற்ற ஆட்டங்களில் ஜெயித்துத் தந்தது லா ஜின்தான்.

உங்களுக்குத் தெரியுமா?
யூ-கி-ஓ கதையை 1996ல் வரையத் தொடங்கியவர் ஜப்பானின் கசுகி தகாஹாஷி. 2022 ஜூலையில் ஒகினாவா கடலில் நீரோட்டத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்ற இறங்கி உயிர் விட்டார். கடற்கரைப் பிள்ளைகளான நாம் அவரை மறக்கலாமா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்