புதனில் ஒரு தியாகராஜர்

தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது. 1835 தீபாவளியன்று அங்கேதான் காலமானார். நவக்கிரகங்கள் மீது கீர்த்தனை பாடியவர். புதனுக்கு நாட்டக்குறிஞ்சியில் ஒன்று உண்டு. ஆனால் புதன் கிரகத்தின் ஒரு பெரிய விண்கல் பள்ளம் தாங்கியிருப்பது அவருடைய சமகாலத்தவரும் அவரைப் போலவே திருவாரூரில் பிறந்தவருமான தியாகராஜரின் பெயரை. புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் பெயர்தான் என்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் வழக்கம். 1976-இல் இந்தப் பெயர் அமைந்தது. காளிதாசரும் வால்மீகியும்கூட அங்கே உண்டு.

பள்ளத்தின் குறுக்களவு ஏறத்தாழ 97 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும். 1974-இல் மரைனர் 10 விண்கலம் எடுத்த படங்களிலேயே அதன் தரை வெளுத்துத் தெரிந்தது. ஏன் என்று சொல்லுமளவு படம் துல்லியமாக இல்லை.

2011 மார்ச்சில் புதனைச் சுற்றத் தொடங்கிய நாசாவின் மெசஞ்சர் விடையைக் காட்டியது: தரையெங்கும் குழிகள். கடற்பஞ்சு துளைத்த முத்துச்சிப்பி ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் புதிதாக இராது. ஒன்றோடொன்று சேர்ந்து கோணல்மாணலாகக் கிடக்கின்றன. அடி தட்டை, ஆழம் சில பத்து மீட்டர்தான், சுற்றிலும் நீலம் பாரித்த வெளுப்பு. பள்ளத்தின் நடுவில் மட்டும் செம்மை படர்ந்திருக்கிறது. அது பழைய எரிமலை வாயாக இருக்கலாம்.

விண்கல் விழுந்த குழியென்றால் வட்டமாக, விளிம்பு மேடிட்டு இருக்கும். இவற்றுக்கு மேடே இல்லை. ஆக, உள்ளிருந்த பொருள் வெளியேறித் தரை உட்கார்ந்திருக்கிறது. மோதல் ஆழத்துப் பாறையை மேலே கிளறிப் போட, அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் போன்றவை 430 டிகிரி செல்சியஸ் வெயிலில் சிதைந்து ஆவியாகின்றன என்பது இப்போதைய கணிப்பு. சூரியனுக்கு இத்தனை அருகில் அப்படிப்பட்ட சரக்கு என்றோ தீர்ந்திருக்கும் என்றுதான் முன்பு பலரும் நினைத்தார்கள். நினைப்பு பொய்த்தது. பிற்காலத்துச் சிறு விண்கற்களின் தழும்பு இந்தக் குழிகளில் அரிது, அவ்வளவு இளசு. இன்றும் விரிந்துகொண்டிருக்கலாம்.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஐரோப்பாவும் ஜப்பானும் அனுப்பிய பெபிகொலம்போ, உந்துகருவிக் கோளாறால் தாமதப்பட்டு, 2026 நவம்பரில் புதனைச் சுற்றத் தொடங்குவதாகத் திட்டம். மெசஞ்சரின் படங்களோடு ஒப்பிட்டால் எந்தக் குழியாவது வளர்ந்திருக்கிறதா என்று தேடலாம்.

புதனை வெறுங்கண்ணால் காணத் தூத்துக்குடிக்காரர்களுக்கு வசதி அதிகம்: கிழக்கே திறந்த கடல். சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாத கிரகம் என்பதால், அது விடியலில் தென்படும் நாட்களில் சூரியோதயத்துக்கு முக்கால் மணி முன்பே கடற்கரையில் நிற்க வேண்டும். பள்ளமெல்லாம் தெரியாது, ஒரு புள்ளிதான்.