துடைக்கக் கூடாத குழாய்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்பது வயது மகனுக்கு வீசிங். டாக்டர் இன்ஹேலரோடு ‘ஸ்பேசர்’ என்று சாண்நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் வாங்கச் சொன்னாராம். “பம்பு போதாதா, இது எதற்கு?” என்று கேட்கிறார்.

இழுப்பு எப்படிப்பட்டது என்று அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய்க்கே வருகிறேன்; அதற்கு முன் பம்பின் கதை.

“ஹேர் ஸ்ப்ரே மாதிரி என் இழுப்பு மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தரக்கூடாதா?” என்று அமெரிக்காவில் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள் கேட்டாளாம். 1956இல் பம்பு கடைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல்: மருந்து சீறிக்கொண்டு வரும். அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும். கல்லூரி நாளில் ஓடுகிற டவுன் பஸ்ஸில் தொற்றி ஏறுவேன்; அந்தக் கணக்குத்தான். தவறினால் மருந்து தொண்டையில் மோதி வயிற்றுக்குப் போய்விடும். ஸ்பேசர், பஸ்ஸை ஸ்டாப்பில் நிறுத்திவைக்கிறது. பிள்ளை நிதானமாக மூச்சை இழுக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. தலை சீவிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிறதல்லவா, அதே மின்னேற்றம் இந்தப் பிளாஸ்டிக்கிலும் உண்டு. மருந்துத் துளிகள் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து, துடைக்காமல் அப்படியே காயவிட வேண்டும். வாய் வைக்கும் இடத்தை மட்டும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். உள்ளே தங்கும் சோப்புப் படலம் மின்னேற்றத்தை அடக்கிவிடும். இது தெரியாமல் எவர்சில்வர் டம்ளரைத் துடைப்பதுபோல் துண்டால் பளபளவென்று துடைத்துவைத்த ஆள் நான். (மின்னேற்றம் பிடிக்காத வகையும் கடையில் உண்டு, அதற்கு அட்டையில் போட்டிருக்கிறபடி செய்யுங்கள்.)

விலையை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் நுழையும் அளவு துளையிட்டு, குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

நம் ஊரில் பெரிய தடை விலைகூட இல்லை, வெட்கம்தான். பம்பைச் சட்டைப் பையில் ஒளிக்கலாம், குழாயை ஒளிக்க முடியாது. “பொண்ணுக்கு இழுப்புன்னு வெளியே தெரிஞ்சா வரன் வருமா?” என்று குழாயைப் பரணில் போட்டுவிட்டு, பம்பு கேட்கவில்லை என்று மூன்றாவது டாக்டரைத் தேடுகிறோம்.

அம்மா, அந்தக் குழாய் பையனின் பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கட்டும். வகுப்பு டீச்சரிடமும் ஒருமுறை பிடித்துக் காட்டிவிடுங்கள்.