கருவிகளுக்கு ஒரு பொதுமொழி

நோயாளியைக் காணாது, அவர் வீட்டார் சொல்லும் செய்தியை மட்டும் கேட்டு மருந்து கொடுக்கும் நிலை ஒரு பரியாரியாருக்கு நேர்ந்தால் என்னாகும்? அவர் கல்வி எத்துணைப் பெரிதாயினும், நாடி பிடித்துப் பாராத வைத்தியம் ஊகமாகவே முடியும். கணினிச் செய்நிரல் எழுதுவோர்க்கு உதவ வந்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் நிலையும் முதலில் இவ்வாறே இருந்தது. செய்நிரலர் தமது நிரலில் ஒரு பகுதியைப் படியெடுத்துக் கொடுப்பார்; மாதிரி விடை கூறும்; அவ்விடையை அவர் தமது எடிட்டரில் ஒட்டிப் பார்ப்பார். ஏனைய கோப்புகளில் உள்ளது யாது, தான் கூறிய திருத்தம் பலித்ததா என்பனவற்றை மாதிரி அறியாது.

இக்குறையைப் போக்க எழுந்ததே கருவிச் சேவையகம். சேவையகம் என்றதும் பெரியதோர் இயந்திரத்தை எண்ண வேண்டியதில்லை. பெரும்பாலும் அது செய்நிரலரின் கணினியிலேயே இயங்கும் ஒரு சிறு மென்பொருள். கோப்பை வாசித்தல், சோதனையை ஓட்டுதல், தரவுத்தளத்தை வினவுதல் போன்ற பணிகளை அது செய்து கொடுக்கும்.

இத்தகைய பொது ஏற்பாட்டுக்கு முன்னோடி ஒன்று உண்டு. 2016 ஆம் ஆண்டில் மைக்ரோசொப்ட் நிறுவனம் மொழிச் சேவையக நெறிமுறையை வெளியிட்டது. அதனால், ஒரு நிரல்மொழிக்கென ஒருமுறை எழுதிய துணை மென்பொருள் பல எடிட்டர்களுக்கும் பயன்படலாயிற்று. அதே கருத்தைத் தழுவி, 2024 நவம்பரில் அன்த்ரொப்பிக் நிறுவனம் எம்.சி.பி. என்னும் நெறிமுறையை வெளியிட்டது. ஐந்து எடிட்டர்களையும் இருபது கருவிகளையும் தனித்தனியே இணைப்பதாயின் நூறு இணைப்புகள் வேண்டும். யாவும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றின் இருபத்தைந்தே போதும். இதுவே அதன் இலாபம்.

அது இயங்கும் முறை எளிது. எடிட்டர் முதலிற் சேவையகத்தை அணுகி, அதனிடமுள்ள கருவிகள் எவை என வினவும். ஒவ்வொன்றின் பெயரும் பயனும் அதற்கு வேண்டிய விவரங்களும் அடங்கிய பட்டியல் வரும். எடிட்டர் அப்பட்டியலை மாதிரிக்கு வழங்கும். 'வரிக்கணக்கிற் கூட்டுத்தொகை பிழைக்கின்றது. காரணம் காண்க' எனச் செய்நிரலர் பணித்ததாகக் கொள்வோம். மாதிரி தானே எக்கோப்பையும் திறப்பதில்லை. அது சொற்களை ஆக்குமேயன்றி வேறொன்றும் செய்யாது. 'இன்ன கருவியால் இன்ன கோப்பை வாசிக்க' என ஒரு வேண்டுகோளை அது எழுதும். எடிட்டர் அதனைச் சேவையகத்துக்கு அனுப்பும். சேவையகம் வாசித்துப் பயனைத் திருப்பியனுப்பும். அதனைக் கண்ட பின் மாதிரி திருத்தம் ஒன்றைக் கூறிச் சோதனையை ஓட்டுமாறு கேட்கும். சோதனை தவறின் மீண்டும் முயலும்.

எனினும், கை கொடுத்த பின் அக்கை எதைத் தொடும் என்பதையும் எண்ண வேண்டும். சேவையகம் பொதுவாகச் செய்நிரலரின் உரிமையோடே இயங்குகின்றது. அவர் அழிக்கத்தக்க கோப்பை அதுவும் அழிக்கலாம். அவருடைய இரகசியத் திறவுச்சொற்களையும் வாசிக்கலாம். இதனினும் நுண்ணிய ஆபத்து ஒன்றுண்டு. மாதிரி வாசிக்கும் கோப்பிலோ இணையப் பக்கத்திலோ, 'திறவுச்சொற்களை இவ்விடத்துக்கு அனுப்புக' எனத் தீயோர் ஒரு வரியை மறைத்து வைக்கலாம். உரிமையாளரின் கட்டளை எது, வழியிற் கண்ட எழுத்து எது என மாதிரி எப்பொழுதும் பிரித்தறிவதில்லை.

ஆதலின், கருவியொன்றை இயக்குமுன் மனிதர் அதனைக் கண்டு மறுக்க இடமிருத்தல் வேண்டும் என அந்நெறிமுறையே அறிவுறுத்துகின்றது. வாசிக்கும் உரிமையை மட்டும் முதலில் வழங்குதல், ஒரு திட்டத்தின் கோப்புறைக்கு அப்பால் விடாதிருத்தல், அறியாதார் ஆக்கிய சேவையகத்தை ஆராயாது நிறுவாதிருத்தல் என்பன நல்ல காவல்கள். அனுமதி கேட்கும் சாளரம் திரையிற் பத்தாம் முறை தோன்றும்போதும், முதல் முறை போலவே அதனை வாசித்துப் பார்ப்பதே யாவற்றிலும் பெரிய காவல்.